அடைத்த அறையும் குளிர்ந்த காற்றும்

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு ஏசி வந்தது போன வருடம், வெப்பமும் வறட்சியுமான கச்சான் காற்று வீசத் தொடங்கிய நாட்களில். எழுபது வயதைத் தாண்டிய மாமிக்கு இரவில் தூக்கமே இல்லை. பகல் முழுவதும் காய்ந்த கூரை நடுச்சாமம் வரை வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் அவருடைய அறையில்தான் பொருத்தினோம். பேரப்பிள்ளைகள் இருவரும் அன்றிரவே தலையணையோடு அங்கே குடிபோய்விட்டார்கள். பத்து நாள் கழிவதற்குள் மாமி காலையில் தொண்டையைச் செருமத் தொடங்கினார். மூத்த பிள்ளைக்கு விடாத தும்மல். "மருமகன், இந்தப் பெட்டி வந்த பிறகுதான் இதெல்லாம். கழற்றிவிடுங்கள்" என்றார். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதோ நேர்மாறானது. அவருடைய மகளுக்கு இருந்த முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, ஏசி போட்ட பிறகுதான் தணிந்ததாம்.

இருவர் சொன்னதும் உண்மைதான். ஒரே இயந்திரம் ஒரு வீட்டில் தொண்டையைக் கெடுக்கிறது, அடுத்த வீட்டில் மூச்சைச் சீராக்குகிறது. அது ஏன் என்று தேடிப் படித்து, எங்கள் அறையிலேயே கவனித்துப் பார்த்து அறிந்துகொண்டவற்றை, முதன்முறையாக ஏசி வாங்குபவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன்.

நாம் ஏசி என்று சொல்வது இரண்டு பெட்டிகள். ஒன்று அறைச் சுவரில், மற்றது வீட்டுக்கு வெளியே. இரண்டையும் செப்புக் குழாய்கள் இணைக்கின்றன. அந்தக் குழாய்களுக்குள் ஓடுவது குளிரூட்டும் வாயு மட்டுமே. நாம் சுவாசிக்கும் காற்று அவற்றின் வழியே கொஞ்சமும் வருவதில்லை. வெளிப்பெட்டி வெளிக்காற்றை இழுத்து, குளிராக்கி உள்ளே அனுப்புகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் பேசிப்பார்த்த பலரும் அப்படியே நினைத்திருந்தார்கள். உண்மையில் சுவர்ப்பெட்டி அறைக்குள் இருக்கும் காற்றையே மேல்பக்கத்தால் இழுக்கிறது, குளிர்ந்த குழாய்களுக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கும் இடையே செலுத்துகிறது, அதே அறைக்குள் திரும்ப விடுகிறது. காற்றில் இருந்த வெப்பத்தைக் குழாயிலுள்ள வாயு உறிஞ்சிக்கொண்டு வெளிப்பெட்டிக்குப் போய் அங்கே கொட்டிவிட்டுத் திரும்புகிறது. வெப்பம் வெளியே போகிறது, காற்று போவதில்லை. ஒரு சிறிய அறையின் காற்று முழுவதும் மணிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் போய் வரும். எத்தனை தடவை சுற்றினாலும் அது அதே காற்றுதான். வெளிக்காற்றையும் கொண்டுவரும் வகைகள் சில உண்டு, ஆனால் நம் ஊர் வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படுபவை அவை அல்ல.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். அறைக்குள் நல்லது இருந்தால் நல்லது சுற்றும். புகை இருந்தால் புகை சுற்றும்.

வாளியில் விழும் நீர்

எங்கள் பின்சுவரில் ஏசியின் நீர்க்குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறோம். கச்சான் மும்முரமாக வீசும் நாட்களில் அதில் குறைவாகத்தான் விழுகிறது. கடற்காற்று ஈரத்தை அள்ளிவரும் நாட்களில் விடிவதற்குள் நிறைந்துவிடுகிறது. அந்த நீர் ஏசிக்குள் இருந்து பிறப்பதில்லை, நம் அறைக் காற்றில் இருந்ததுதான். குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்தால் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, குளிர்ந்த தகடுகளில் காற்றின் ஈரம் படிந்து வழிகிறது.

கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. வெப்பநிலை 30 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 80 சதவீதம் என்று நம் கரையோரத்தில் சாதாரணமாக இருக்கும் ஓர் இரவில், ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் இருக்கும். அதே காற்று 24 பாகைக்கும் 55 சதவீதத்துக்கும் வரும்போது மிஞ்சுவது 12 கிராம். சரிபாதி ஈரத்தை இயந்திரம் பிழிந்தெடுத்துவிடுகிறது. சுவர் இடுக்குகளால் புகும் ஈரமும் நம் மூச்சும் வியர்வையும் சேர்ந்துகொண்டே இருப்பதால் சொட்டு இரவு முழுவதும் நிற்பதில்லை.

ஏசி பிறந்ததே இந்த ஈரத்தை அடக்கத்தான். 1902இல் வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக இந்த முறையை வடிவமைத்தார். ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் நிறங்கள் விலகிப்போயின. மனிதரின் சுகம் அப்போது யாருடைய நினைவிலும் இல்லை.

ஆனால் ஈரத்தைக் குறைப்பதுதான் நம் உடலுக்கு ஏசி செய்யும் முதல் நன்மை. மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள் வாழ்கின்றன. நம் தோலிலிருந்து உதிரும் செதில்கள்தான் அவற்றின் உணவு. அவற்றுக்குத் தண்ணீர் குடிக்கும் வாய்ப்பில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சி உயிர்வாழ்கின்றன. அறையின் ஈரப்பதன் நீண்ட காலம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உலர்ந்து குறையத் தொடங்கும். இவற்றின் எச்சம்தான் பலருக்கு ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டுகிறது. சுவரிலும் அலுமாரிக்குப் பின்னாலும் படரும் பங்கசுக்கும் ஈரம்தான் தீனி. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முட்டு தணிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். 40 முதல் 60 சதவீதம் வரையிலான ஈரப்பதனே வீட்டுக்கு ஏற்றது. அதற்கும் கீழே போனால் மூக்கும் தொண்டையும் கண்ணும் உலரும். ஈரப்பதனைக் காட்டும் சிறிய மானி ஒன்று அதிக விலையில்லை, வாங்கி வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

மூச்சு எங்கே போகும்?

ஏசி ஒட்சிசனை உறிஞ்சிவிடும் என்று அச்சப்படுபவர்கள் உண்டு. அது நடப்பதில்லை. காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 சதவீதம். அறை அடைத்துக் கிடந்தாலும் நாலைந்து பேரின் மூச்சால் அதில் விழும் குறைவு மிகச் சிறியது. கவனிக்க வேண்டியது நாம் வெளியே விடும் காபனீரொட்சைட்டை.

வெளிக்காற்றில் அது பத்து இலட்சம் பங்குக்கு 420 பங்கைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லீற்றர் விடுகிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒன்பதடி உயரம் என்றால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 30,000 லீற்றர். மாமியும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து மணிக்கு 30 லீற்றர் விட்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது பத்து இலட்சத்துக்கு 1000 பங்கு, ஒவ்வொரு மணி நேரமும் கூடும். இது முற்றிலும் அடைத்த அறைக்கான கணக்கு. கதவடியிலும் யன்னல் விளிம்பிலும் கொஞ்சம் கசிவதால் நடைமுறையில் இவ்வளவு ஏறாது. அப்படியிருந்தும் விடியற்காலையில் 2000ஐத் தாண்டுவது சாதாரணம். 1858இலேயே ஜேர்மனியின் மாக்ஸ் வொன் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர், உள்ளறைக் காற்று நல்லதா என்று அறிய 1000 பங்கு என்ற எல்லையை முன்வைத்தார். இன்றும் பலர் அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

இந்த அளவில் காபனீரொட்சைட்டு நஞ்சல்ல. காலையில் தலைப்பாரம், தலையிடி, தூங்கியும் தூங்காதது போன்ற சோர்வு ஆகியவை வரலாம். நான் அதைப் பெரிதாக மதிப்பது வேறொரு காரணத்துக்காக. அறையில் அது ஏறியிருக்கிறது என்றால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வீட்டில் ஒருவருக்குத் தடிமன் வந்தால் ஏசி அறையில் படுக்கும் அத்தனை பேருக்கும் பரவுவது குளிரால் அல்ல, இதனால்தான். 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில் யன்னல் இல்லாத ஓர் ஏசி உணவகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் மதியம் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குக் கொவிட் தொற்றியது. புதிய காற்று வராத இடத்தில் ஏசியின் காற்றோட்டம் அந்த மேசைகளுக்கிடையே சுற்றிக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டினார்கள். காசநோயாளி ஒருவர் உள்ள வீட்டில் அடைத்த அறையில் எல்லோரும் ஒன்றாகப் படுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்து எண்ணிப் பாருங்கள்.

நுளம்புத்திரி

இதைப் பற்றித்தான் எனக்கு மிகவும் கவலை. எங்கள் வீட்டுத் தும்மலின் வேர் இங்கேதான் இருந்தது.

வாவியை அண்டிய ஊரில் நுளம்பு இல்லாத இரவு கிடையாது. ஏசி வருவதற்கு முன் மாமி யன்னலைத் திறந்துவைத்து, கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி கொளுத்துவார். காற்று வந்து புகையை அடித்துக்கொண்டு போகும். ஏசி வந்தது, யன்னல் மூடியது. திரி கொளுத்தும் பழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்தது. மாலையில் சாமி விளக்கேற்றியதும் காட்டும் சாம்பிராணியும் அதே அறைக்குள் வந்து தங்கியது.

நுளம்புத்திரி ஒன்று முழுவதும் எரியும்போது வெளிவரும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கண்டது. இந்தத் துகள்கள் தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவானவை. மூக்கின் மயிரும் சளியும் அவற்றைத் தடுக்காது, நுரையீரலின் அடிவரை இறங்கும். சிகரெட்டைத் தொட்டும் பார்க்காத மாமியும் பிள்ளைகளும் யன்னல் மூடிய அறையில் எட்டு மணி நேரம் அதைத்தான் இழுத்தார்கள். அதை எண்ணும்போது இன்றும் மனம் வலிக்கிறது.

ஏசியிலுள்ள வடிகட்டி இதைப் பிடிக்காதா என்று கேட்கலாம். முன்மூடியைத் திறந்தால் தெரியும் அந்த வலை, முடியையும் பஞ்சையும் பெரிய தூசியையும் பிடிக்கும். புகைத் துகள்கள் அதன் கண்களுக்குள் தாராளமாகப் புகுந்துபோகும். இயந்திரத்தின் தகடுகளைக் காப்பதற்காகவே அந்த வலை வைக்கப்பட்டிருக்கிறது. நுண்துகளைப் பிடிக்க ஹெப்பா வடிகட்டி உள்ள தனிச் சுத்திகரிப்பான் வேண்டும். அதற்கும் காபனீரொட்சைட்டைக் குறைக்கத் தெரியாது.

நாங்கள் திரியை நிறுத்திவிட்டு நுளம்புவலை கட்டினோம். உண்மையில் மூடிய ஏசி அறைக்குள் நுளம்பு நுழைவதே குறைவு. மாலையில் ஒரு முறை உள்ளே இருப்பவற்றை அடித்து விரட்டினால் போதும். சாம்பிராணியை இப்போது முற்றத்திலும் வாசலிலும் மட்டும் காட்டுகிறோம். இரண்டு வாரத்தில் பிள்ளையின் தும்மல் நன்றாகக் குறைந்தது.

வெளியே புகை இருக்கும்போது கதை மாறும். அறுவடை முடிந்து படுவான்கரைப் பக்கமும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களிலும் வைக்கோல் எரிக்கும் நாட்களில் யன்னலை மூடிக்கொண்டு ஏசியில் இருப்பதே நல்லது. நெல் வெட்டும் இயந்திரம் கிளப்பும் சப்பித் (பதர்) தூசிக்கும் அதுவே பொருந்தும். எரிப்பு அடங்கி, காற்று தெளிந்த பிறகு திறந்துவிட வேண்டும்.

பெட்டிக்குள் வளர்வது

மாமியின் தொண்டைக்கு வருகிறேன். வலையைக் கழற்றிப் பார்த்தபோது சாம்பல் நிறக் கம்பளி போலத் தூசி படிந்திருந்தது. பொருத்தியவர் அதைக் கழுவ வேண்டும் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உள்ளே இருட்டு, ஈரம், தூசி மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் பங்கசும் பற்றீரியாவும் வளர வேறெதுவும் தேவையில்லை. ஏசியைப் போட்ட முதல் சில நிமிடங்களில் காயாத துணியின் வாடை வருகிறது என்றால் அவை குடியேறிவிட்டன என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாசனைத் திரவியம் தெளித்து அதை மறைக்க வேண்டாம். அதுவும் அதே காற்றில் சுற்றப்போகும் இன்னொரு இரசாயனம்தான்.

வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாய் நீரில் கழுவி நிழலில் காயவைப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. மண் வீதியோரமோ அரிசி ஆலைக்குப் பக்கமோ குடியிருப்பவர்கள் வாரந்தோறும் செய்யலாம். உள்தகடுகள், காற்றைத் தள்ளும் உருளை, நீர் தேங்கும் தட்டு ஆகியவற்றைத் தெரிந்தவரை அழைத்து ஆண்டுக்கு ஒரு தடவையாவது கழுவிக்கொள்ள வேண்டும். அப்போது ஒவ்வொரு வருடமும் காஸ் நிரப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு, கசிவு இல்லாவிட்டால் குறையாது. குறைந்திருந்தால் முதலில் கசிவை அடைக்க வேண்டும்.

காலையில் ஏசியை நிறுத்துமுன் யன்னலைத் திறந்துவிட்டு, ரிமோட்டில் மின்விசிறி நிலையில் இருபது நிமிடம் ஓடவிடுகிறேன். ஈரத் தகடுகள் காய்ந்துவிடுகின்றன, ஈரமும் யன்னலால் வெளியேறுகிறது.

லீஜியோனயர் நோய் பற்றிப் படித்துவிட்டுப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே நிமோனியா பரவி, 34 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பற்றீரியாவை அடையாளம் கண்டார்கள். அது பெரிய கட்டடங்களின் நீர்க் குளிரூட்டும் கோபுரங்களில் வளர்ந்து நீர்த்திவலைகளாகப் பரவக்கூடியது. வீட்டு ஏசியில் அந்தக் கோபுரம் இல்லை என்பதால் அந்த வழியிலான ஆபத்தும் இல்லை.

நம் ஊருக்கு உரிய ஆபத்து வெளியேதான் இருக்கிறது, அந்த வாளியில். டெங்கு பரப்பும் நுளம்பு தெளிந்த நீரைத்தான் தேடி முட்டையிடும். முட்டை, பறக்கும் நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். மாரியில் மழைநீர் தேங்குவதைத் தேடித் தேடிக் கவிழ்க்கும் நாம், ஏசியின் சொட்டுநீர் தேங்கும் வாளியையும் பழைய டின்னையும் மறந்துவிடுகிறோம். அந்த நீரைத் தினமும் செடிக்கு ஊற்றிவிட்டு, வாளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். குடிக்கவோ சமைக்கவோ அந்த நீர் வேண்டாம்.

எத்தனை பாகை?

வெளியே 34 பாகை, உள்ளே 18 பாகை என்று வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடி ஓடி வந்துபோனால் உடல் தடுமாறும். ஆஸ்துமா உள்ளவருக்குக் குளிர்ந்த உலர் காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். 26 பாகையும் மெதுவாகச் சுற்றும் மின்விசிறியும் பெரும்பாலோருக்குப் போதும். மின்கட்டணமும் தாங்கும். குளிர்க்காற்று முகத்தில் நேராக விழாதபடி அதன் இதழ்களை மேல்நோக்கித் திருப்பிவிடுங்கள். மாமியின் கட்டிலை நாங்கள் எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். வலையும் கழுவிய பின் அவருடைய செருமல் நின்றது.

ஏசியைக் கழற்றிவிட அவர் சொன்னபோது நான் சம்மதிக்காததற்குக் காரணம் உண்டு. 32 பாகை வெப்பத்தோடு 70 சதவீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடல் உணர்வது 41 பாகையை. வியர்வை உலராததால் உடல் குளிர வழியில்லை. முதியவர்களுக்கும் இதய நோயாளர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது உயிராபத்தான சுமை. வளிமண்டலவியல் திணைக்களம் கிழக்கு மாகாணத்துக்கு வெப்ப எச்சரிக்கை விடும் நாட்களில் ஏசி அறை ஒன்று இருப்பது மருந்து இருப்பதற்குச் சமம். வசதியில்லாத அயலவரின் தாய் தந்தையரைப் பகலில் அழைத்து உட்காரவைக்கவும் அது உதவும்.

புதிய காற்றுக்கு நாங்கள் செய்வது மிகவும் எளிது. படுக்குமுன் அரைமணி நேரம் யன்னல்களையும் கதவையும் திறந்து மின்விசிறியைப் போடுகிறோம். ஏசி ஓடும்போது அறைக் கதவை விறாந்தைப் பக்கம் இரண்டு விரல் அகலம் திறந்துவைக்கிறோம். மின்சாரம் சற்றுக் கூடுகிறது, வாளியில் நீரும் கூடுகிறது. காலைத் தலையிடி போய்விட்டது. பழைய ஓட்டு வீடுகளில் வாசலும் பின்கதவும் ஒரே நேர்கோட்டில் இருந்து, கூரைக்குக் கீழே காற்றுத் துளைகளும் இருந்தன. இப்போது கட்டும் வீடுகளில் கண்ணாடியால் இறுக அடைத்த யன்னல்களே அழகென்று வைக்கிறோம். புதிதாகக் கட்டுபவர்கள் ஏசி அறைக்கும் திறக்கக்கூடிய ஒரு யன்னலை வைக்கும்படி மேசனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் தடைப்பட்ட காலத்தில் பல வீடுகள் ஜெனரேற்றர் வாங்கின. அது இன்னும் பலரிடம் இருக்கிறது. அதை விறாந்தையிலோ யன்னலுக்குக் கீழேயோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இடுக்கு வழியாக உள்ளே வந்து, அடைத்த அறையில் தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடியாவது தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு வாகன ஏசியில் தூங்குவதும் அதே ஆபத்துதான்.